ஓடுபாதையில் முன்னோர்கள்

என் பெயர் சுப்பராமன். மதுரை விமான நிலையத்தில் சரக்குப் பிரிவு மேற்பார்வையாளர். இதை நான் யாரிடமும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. வில்லாபுரத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் என்னைப் பைலட்டுக்கு அடுத்த ஆள் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நம்பிக்கைக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவன் நான்தான். உண்மையில் என் வேலை, வருகிற பெட்டியை எடை போட்டு, சீட்டு ஒட்டி, விமானத்தில் ஏற்றச் சொல்வது. இறங்குகிற பெட்டியைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுப்பது. இதையே கழுத்தில் அடையாள அட்டையோடும் கையில் வாக்கி டாக்கியோடும் செய்தால் பார்க்க வேறு மாதிரி இருக்கும்.

கொரோனா வந்து விமானங்கள் எல்லாம் நின்றபோது நாடே கலங்கியது. எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம். அட்டையில் ‘அத்தியாவசியப் பணி’ என்று புதிதாக ஒரு முத்திரை குத்திக் கொடுத்திருந்தார்கள். ஊரே வீட்டுக்குள் கிடக்க, நான் அவனியாபுரம் சாலையில் போலீஸ்காரர்களிடம் அட்டையைக் காட்டிவிட்டு வண்டியில் போவேன். திரும்பும்போது அதே அட்டையைக் காட்டி இட்லி மாவும் கொத்தமல்லிக் கட்டும் வாங்கி வருவேன். அத்தியாவசியம் என்றால் எல்லாம்தானே.

ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு வேலையும் கிடையாது. பூவும் காய்கறியும் துணி மூட்டையுமாக மூச்சுமுட்டக் கிடக்கும் சரக்குக் கொட்டகை, கல்யாணம் முடிந்த மண்டபமாகக் காலியாகக் கிடந்தது. எடை மேடையில் வேறு எதுவும் ஏறாததால் தினமும் நானே ஏறி நின்று பார்த்துக்கொண்டேன். நாடு முழுக்கச் சரக்குப் போக்குவரத்து சரிந்துவிட்டதாகத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். எங்கள் மேடையில் மட்டும் எடை ஏறிக்கொண்டே போனது.

எனக்குத் துணை ஆசீர்வாதம். விமானத்துக்கும் கொட்டகைக்கும் இடையே பெட்டி வண்டிகளை இழுக்கும் டிராக்டரின் ஓட்டுநர். கோச்சடைக்காரர். என் வயதுதான், ஆனால் நான் பேசுவதில் பத்தில் ஒரு பங்குகூடப் பேசமாட்டார். டிராக்டர் துருப்பிடிக்காமல் இருக்கத் தினமும் காலையில் அதைக் காலியாகவே ஒரு சுற்று ஓட்டி வருவார். பிறகு நாங்கள் இருவரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்து வெறும் வானத்தைப் பார்ப்போம்.

இந்த நிலையில்தான் காக்கைகள் வந்தன. வந்தன என்று சொன்னால் பொய். நான் கூப்பிட்டேன்.

எங்கள் அப்பா அதற்கு முந்தின ஐப்பசியில் காலமாகியிருந்தார். ஒரு வருஷம் முடியும்வரை காக்கைக்கு வைக்காமல் நான் ஒரு வாய் சோறு தின்னக்கூடாது என்பது என் மனைவி விஜயத்தின் சட்டம். விமானங்கள் ஓடிய காலத்தில் அந்தச் சட்டத்தை வீட்டு மொட்டை மாடியிலேயே முடித்துக்கொண்டு வந்துவிடுவேன். இப்போதுதான் நேரம் மலையாகக் கிடக்கிறதே. மதியம் கேரியரைத் திறந்து, கொட்டகைக்குப் பின்னால் இருந்த சுவரில் ஒரு கைப்பிடி வைத்து, மூடியை டொக் டொக்கென்று தட்டி, “கா… கா…” என்று குரல் கொடுப்பேன்.

முதல் நாள் இரண்டு வந்தன. பெருங்குடிப் பக்கம் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் மூடியிருந்ததால் அந்த வட்டாரத்துக் காக்கைகளுக்கும் அது ஊரடங்குதான். ஒன்று போய் இன்னொன்றிடம் சொல்லியிருக்க வேண்டும். சில வாரங்களில் நான் மூடியைத் தட்டினால் வானம் கறுக்க ஆரம்பித்தது. விஜயம் எனக்கென்று தனியாகவும் அவற்றுக்கென்று தனியாகவும் கேரியர் கட்டிக் கொடுத்தாள். அவற்றின் கேரியரில் வடையும் இருந்தது.

“சார், ஒங்க சொந்தக்காரங்க வந்துட்டாங்க” என்பார் ஆசீர்வாதம், தினமும், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அவற்றில் மூக்கு நுனி உடைந்த ஒன்று இருந்தது. சோற்றைத் தொடாமல் தலையைச் சாய்த்து என்னை மேலும் கீழும் பார்க்கும். ‘இதெல்லாம் ஒரு உத்தியோகமாடா’ என்று அப்பா பார்க்கிற அதே பார்வை. அதற்கு மட்டும் வடையைப் பிய்த்துத் தனியாக வைப்பேன்.

விமான நிலையத்தில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவன், பறவைகள் விமானத்துக்கு எமன் என்று வருஷா வருஷம் பயிற்சி வகுப்பில் கேட்டவன், ஓடுபாதைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காக்கைகளுக்கு வடை வைத்தான். விமானமே இல்லையே, என்ன வந்துவிடப் போகிறது என்பதுதான் என் வாதம். பறவை விரட்ட வெடி போடும் ஒப்பந்த ஆட்களையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆக, என்னைத் தடுக்க ஒருவரும் இல்லை.

மே மாதத்தில் ஒருநாள் ஆசீர்வாதம் தானாக வந்து பேச்சுக் கொடுத்தார். அதுவே எனக்கு ஆச்சரியம்.

“சார், மருந்து எதுவும் பிளேன்ல வருமா சார்?”

அவருடைய மனைவி ஆனிமேரி, மிஷன் பள்ளி ஆசிரியை. மூன்று வருஷத்துக்கு முன் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, தங்கை ரூத் ஒன்றைக் கொடுத்துப் பிழைத்தவர். அடுத்தவர் உறுப்பை உடம்பு ஏற்றுக்கொண்டே இருக்க வேண்டுமென்றால் வேளை தவறாமல் ஒரு மாத்திரை போட்டாக வேண்டும். போடாவிட்டால் வைத்த சிறுநீரகம் போய்விடும். அந்த மாத்திரை மதுரைக் கடைகளில் தீர்ந்துவிட்டது, சென்னையிலும் இல்லை. மும்பையில் கம்பெனிக் கிடங்கில் இருந்தது. கொண்டுவரத்தான் பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை.

அந்த மாத்திரை நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும் என்பதால், வெளியே வேலைக்குப் போய்வரும் ஆசீர்வாதம் மார்ச்சிலிருந்தே மாடிக்குப் போகவில்லையாம். மனைவி மாடியில், இவர் கீழே. சாப்பாடு கயிற்றில் கட்டிய கூடையில் இறங்குமாம். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மாதம் வெட்டிப்பேச்சு பேசியிருக்கிறேன், இதை நான் கேட்டதே இல்லை.

“இன்னும் எம்புட்டு இருக்கு?”

“ஒரு வாரத்துக்கு வரும்னு சொல்றா சார். டப்பாவைக் குலுக்கிக் காட்டுனா.”

அன்றைக்கு நான் நிஜமாகவே ஒரு அதிகாரிபோல வேலை பார்த்தேன். மும்பையில் எனக்குத் தெரிந்த சரக்குப் பிரிவு ஆட்களைப் போனில் விடாமல் பிடித்தேன். அதிர்ஷ்டம், பயணிகள் இல்லாமல் மருந்துப் பெட்டிகளும் முகக்கவசங்களும் மட்டும் ஏற்றிக்கொண்டு மும்பையிலிருந்து ஒரு விமானம் மதுரை வந்து திருச்சி போகிறது என்று தெரிந்தது. மாத்திரைப் பெட்டி அதில் ஏறியது.

“என் கையால எறக்கி ஒங்க கையில தாரேன், போங்க” என்றேன். ஆசீர்வாதம் கைகூப்பினார். அந்தக் கும்பிடை நான் கொஞ்சம் நீளமாகவே வாங்கிக்கொண்டேன்.

விமானம் மதியம் வருவதாக இருந்தது. காக்கைகளுக்குப் பந்தி போடும் அதே நேரம். நான் என்ன, முட்டாளா? முதல் நாளே யோசித்து ஒரு திட்டம் போட்டேன். வழக்கமாக விமானங்கள் கிழக்கிலிருந்து வந்து இறங்கும். ஆகவே அன்றைக்குப் பந்தியை மேற்குக் கோடியில், சுற்றுச்சுவர் ஓரமாக வைத்துவிட்டால் காக்கைகள் மொத்தமும் அங்கே போய்விடும். விமானம் பாட்டுக்கு நிம்மதியாக இறங்கும். இந்த யோசனையை எழுதி அனுப்பினால் டெல்லியில் விருதுகூடக் கொடுப்பார்கள் என்று தோன்றியது. விஜயத்திடம் சொல்லி அண்டா நிறையச் சோறும் முப்பது நாற்பது வடையும் செய்யச் சொன்னேன்.

“எதுக்கு இம்புட்டு? திவசமா?” என்றாள்.

“ஆபீஸ் விஷயம், ஒனக்குப் புரியாது” என்றேன்.

மறுநாள் விடிந்ததும் ஆசீர்வாதத்தின் டிராக்டரில் ஏறி, ஓரச் சாலை வழியாக மேற்குக் கோடிக்குப் போய், பந்தியைப் பரப்பி, மூடியைத் தட்டிக் கூப்பிட்டு, மூக்குடைந்தவர் உட்பட எல்லோரும் வந்து உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். தின்று தீர்க்கவே சாயங்காலம் ஆகிவிடும் என்று கணக்கு.

பிறகு தலை முதல் கால் வரை வெள்ளைப் பாதுகாப்பு உடை மாட்டிக்கொண்டேன். மே மாத வெயிலில் அதற்குள் நான் இட்லியாக வெந்துகொண்டிருந்தேன். அந்த நிலையிலும் பெட்டி இறக்க வந்திருந்த ஆட்களை நிற்கவைத்துப் பறவைகளால் வரும் ஆபத்து குறித்து ஒரு சின்ன உரை நிகழ்த்தினேன் என்பதை இங்கே வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

அப்போது வாக்கி டாக்கியில் ஒரு சேதி வந்தது. காற்று கிழக்கிலிருந்து அடிக்கிறது, அதனால் விமானம் மேற்கிலிருந்து இறங்கும்.

காற்றை எதிர்த்துத்தான் விமானம் இறங்கும் என்பது விமான நிலைய வாசலில் தேங்காய் விற்பவருக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் காற்று மாறும் என்பதை என் திட்டத்தில் நான் எங்கும் சேர்க்கவில்லை.

“ஆசீர்வாதம், எடுங்க வண்டியை!”

டிராக்டரில் நான் பின்னால் தொற்றிக்கொள்ள, ஓரச் சாலையில் பறந்தோம். பறந்தோம் என்பதும் என் பெருமைப் பேச்சுதான். அந்த டிராக்டர் மாட்டு வண்டியை முந்தினால் பெரிய விஷயம். திருப்பரங்குன்றம் மலைக்கு மேலே விமானத்தின் விளக்கு தெரிந்தது. எதிரே சுவர் நெடுக என் முன்னோர்கள் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்கள்.

கையில் வெடி இல்லை, கம்பு இல்லை. இருந்தது அந்தக் காலி அண்டாவும் அதன் மூடியும்தான். சத்தம் போட்டால் ஓடிவிடும் என்று நினைத்து, என் பலம் முழுவதையும் திரட்டி மூடியை அடித்தேன். டொக் டொக் டொக் டொக்.

இரண்டு மாதமாக அந்தச் சத்தத்துக்கு அவற்றுக்கு ஒரே அர்த்தம்தான். சுவரில் இருந்தவை எழும்பின. கொட்டகைப் பக்கம் இருந்தவை வந்தன. பெருங்குடி, அவனியாபுரம், அதற்கு அப்பால் எங்கெங்கோ இருந்தவை எல்லாம் வந்தன. என் தலைக்கு மேல் கறுப்பாக ஒரு பெருங்கூட்டம் சுற்றியது. கூட்டத்தைப் பார்த்து என்ன விசேஷமென்று இரண்டு பருந்துகளும் வந்துவிட்டன. நான் பயந்துபோய் இன்னும் வேகமாகத் தட்டினேன்.

“சார், தட்டாதீங்க சார்! சார்!” என்று ஆசீர்வாதம் கத்தினார். முகக்கவசமும் கண்ணாடியும் தலையுறையும் போட்டிருந்த எனக்கு அது ‘தட்டுங்க’ என்று ஊக்கப்படுத்துவதாகவே பட்டது.

விமானம் தாழ்ந்து வந்தது. சக்கரங்கள்கூடத் தெரிந்தன. திடீரென்று பெரிய இரைச்சலோடு மூக்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலேயே ஏறிப் போனது. வானத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியது. அதற்குள் காக்கைகள் இறங்குமா? நான் அங்கே இருக்கும்வரை இறங்காது. நான் அங்கிருந்து போக டிராக்டரைத் திருப்பினால், கூட்டம் டிராக்டருக்கு மேலேயே ஊர்வலமாகக் கூட வந்தது. கடைசியில் பைலட், மதுரையை விட்டுவிட்டு நேராகத் திருச்சிக்குப் போகிறேன் என்று கட்டுப்பாட்டு டவரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூக்குடைந்த காக்கை மட்டும் டிராக்டரின் முன்னால் வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தது. அந்தப் பார்வைக்கு அன்றைக்கு நான் தகுதியானவன்.

ஆசீர்வாதம் விமானம் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, “எப்ப வரும் சார்?” என்று கேட்டார்.

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. மதுரைக்கான பெட்டிகளை நாளையோ மறுநாளோ லாரியில் அனுப்புவதாகத் திருச்சியில் சொன்னார்கள். நான் பாதுகாப்பு உடையைக் கழற்றி எறிந்துவிட்டு, “வாங்க, நாமளே போவோம்” என்று என் பழைய காரை எடுத்தேன். திருச்சி ஆட்களிடம் பேசி, அந்த ஒரு பெட்டியை மட்டும் தனியாக எடுத்துவைக்கச் சொல்லிவிட்டேன்.

கொட்டாம்பட்டி தாண்டி மாவட்ட எல்லையில் தடுப்பு போட்டிருந்தார்கள். வெள்ளைத்துரை என்ற ஏட்டையா காரை நிறுத்தினார். நான் வழக்கம்போல அட்டையை நீட்டினேன்.

“இது ஒங்க ஊருக்குள்ள செல்லும். மாவட்டம் தாண்டணும்னா இ-பாஸ் வேணும். எங்க போறீங்க?”

“திருச்சி ஏர்போர்ட். ஒரு அவசர மருந்து, மதுரையில எறங்க வேண்டியது.”

“ஏன் எறங்கல?”

“செயல்பாட்டுக் காரணங்களால, அதாவது வனவிலங்கு இடையூறு…”

“என்னது, ஏர்போர்ட்டுக்குள்ள வனவிலங்கா? புலியா வந்துச்சு? அண்ணே, கதை விடாதீங்க. வண்டியைத் திருப்புங்க.”

நான் மேலும் இரண்டு பெரிய வார்த்தைகளைப் போட்டுப் பார்த்தேன். அவர் லத்தியால் திசை காட்டினார். பக்கத்து இருக்கையில் ஆசீர்வாதம் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஜெபம் என்று தெரிந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. காரை விட்டு இறங்கி, அப்பா செத்ததிலிருந்து ஆரம்பித்து, கேரியர், வடை, மூக்குடைந்தது, மேற்குக் கோடி, காற்று, அண்டா மூடி என்று எதையும் மறைக்காமல் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

வெள்ளைத்துரை முதலில் முறைத்தார். மூடியைத் தட்டிய இடம் வந்ததும் அவருடைய முகக்கவசம் உள்ளே வெளியே என்று ஆடியது. பிறகு தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

“யேய் கருப்பு, இங்க வாய்யா! இவரு சொல்றதைக் கேளு. அண்ணே, மறுபடி சொல்லுங்க, அந்தத் தட்டுன இடத்துல இருந்து.”

கருப்பு என்ற போலீஸ்காரர் வந்தார், இன்னும் இருவர் வந்தார்கள். நடுரோட்டில் நின்று மறுபடியும் சொன்னேன். இந்தத் தடவை எந்த இடத்தில் நிறுத்தினால் அதிகம் சிரிக்கிறார்கள் என்றுகூடப் பிடிபட்டுவிட்டது. வேண்டுமென்றே அண்டா மூடியை அடிப்பதுபோலக் கையை ஆட்டியும் காட்டினேன்.

“போங்கண்ணே, போங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு தடுப்பை விலக்கினார் வெள்ளைத்துரை. “பொய் சொல்றவன் இம்புட்டுக் கேவலமா ஒரு பொய்யைச் சொல்லமாட்டான்.”

திருச்சியில் பெட்டி தயாராக இருந்தது. ஆசீர்வாதம் அதை மடியில் வைத்துக்கொண்டு வழி நெடுகத் தடவிக்கொண்டே வந்தார். நானும் கொஞ்சம் தெளிந்திருந்தேன். இன்னும் சில நாளைக்கு மாத்திரை இருக்கிறது, அதற்குள் கொண்டுவந்துவிட்டோம், ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாளைக்கு இந்தக் கதையை யார் யாரிடம் எப்படிச் சொல்வது என்றுகூட மனதுக்குள் ஓடியது.

வெயில் தாழும்போது கோச்சடை வந்து சேர்ந்தோம். கார் சத்தம் கேட்டு ஆனிமேரி மாடிக் கைப்பிடிச் சுவருக்கு வந்தார். நான் முன்பு பார்த்ததைவிட மெலிந்து, முகம் வீங்கினாற்போல இருந்தது. ஆசீர்வாதம் பெட்டியைத் துடைத்துக் கூடையில் வைத்தார். கூடை மேலே போனது.

ஆனிமேரி நின்ற இடத்திலேயே பெட்டியைக் கிழித்தார். மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டு, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினார்.

“இப்ப ஏன் போடுற? ராத்திரிக்கில்ல அடுத்தது?” என்றார் ஆசீர்வாதம் கீழேயிருந்து.

ஆனிமேரி கிழிந்த பெட்டியை மடித்துக்கொண்டிருந்தார்.

“மேரி, கேக்குறேன்ல?”

“தீந்துருச்சுங்க. முந்தாநாளே.”

“ஒரு வாரத்துக்கு இருக்குன்னு டப்பாவைக் குலுக்கிக் காட்டுன?”

“அது சட்டைப் பொத்தான். உள்ளதைச் சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா? நடந்தாவது போறேன்னு கெளம்பி, ரோட்ல போலீஸ்கிட்ட அடி வாங்குவீங்க.”

ஆசீர்வாதம் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். மாடிப்படி பக்கத்திலேயே இருந்தது. ஏறிப் போக முடியாது. ஆனிமேரியால் இறங்கி வரவும் முடியாது. நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். மதியமே போட்டிருக்க வேண்டிய மாத்திரை. என் அண்டாவும் வடையும் என் அறிவும் சேர்ந்து அதைத் திருச்சிக்கு அனுப்பியிருந்தன.

“அண்ணே, அவரு அழுகுறதைப் பாக்க முடியல” என்றார் ஆனிமேரி என்னிடம். “நீங்கதான் எதையாவது வேடிக்கையாப் பேசுவீங்கன்னு சொல்வாரு. பேசுங்கண்ணே. பிளேன் ஏன் மதுரையில எறங்கலையாம்? அதையாவது சொல்லுங்க.”

ஆசீர்வாதம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

ஆரம்பித்தேன். அப்பா செத்தது, கேரியர், வடை. ஊருக்கே தெரிந்த என் பெருமைகள் ஒவ்வொன்றையும் எடுத்துப் போட்டேன். மேற்குக் கோடிப் பந்திக்கு வந்தபோது ஆனிமேரி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அண்டா மூடிக்கு வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆசீர்வாதம் ஈரக் கன்னத்தோடு மேலே பார்த்து, “தட்டாதீங்கன்னு நான் கத்துறேன் மேரி, இவரு இன்னும் வேகமாத் தட்டுறாரு” என்றார். அதற்கும் சேர்த்து இருவரும் சிரித்தார்கள். மாடிக்கும் தெருவுக்குமாக ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். என் மேல் அவர்களுக்கு ஒரு துளி கோபம்கூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“அந்த மூடியைத் தட்டுனதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே” என்றார் ஆனிமேரி.

சொன்னேன். பாதியில் என் குரல் உடைந்து, கீச்சென்று ஏதோ ஒரு சத்தம்தான் வந்தது. அதையும் நடிப்பு என்று நினைத்து அவர்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.